காலி அறையின் ஒரு நிமிடம்

ஒன்பதாம் வகுப்பின் கடைசிப் பீரியடை சமூக அறிவியல் டீச்சரின் தலையில் யாரோ வேண்டுமென்றே கட்டியிருந்தார்கள். அந்த நேரத்தில் பாதி வகுப்பு உண்ட மயக்கத்தில் சாயும், மீதி வகுப்பு மணி எப்போது அடிக்கும் என்று வாசலையே பார்க்கும். தொழில்களைப் பற்றிய பாடத்தைப் புத்தகத்தில் இருக்கிறபடி வாசித்தால் அந்த மீதியும் குறட்டை விடும். யோசித்து யோசித்துத்தான் பாட்காஸ்டில் இறங்கினாள். தெரிந்த ஒருவரிடம் அவர் வேலையைப் பற்றிப் பேட்டி எடுங்கள், வெட்டி ஒட்டி அனுப்புங்கள், வகுப்பில் ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் கேட்போம். அவ்வளவுதான் சொன்னாள். அன்றிலிருந்து கொட்டாவிக்கு ஆளில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அவள் விடாக்கண்டி. பேட்டி முடிந்ததும் ரெக்கார்டரை அணைக்கக் கூடாது. மேஜை மேலேயே விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். யாரும் பேசாத அறையின் சத்தம் ஒரு நிமிடமாவது பதிவாக வேண்டும். வெட்டிய இடங்களில் அந்த ஃபேன் இரைச்சலைப் போட்டு நிரப்பினால் ஒட்டு தெரியாது. உள்ளே இருப்பவர்களிடம் "ஒரு நிமிஷம் வாயைத் திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். அதைத்தான் இந்தப் பிள்ளைகள் மறந்து தொலைப்பார்கள். ஒருத்தனுடைய காலி அறையில் அவன் அக்கா போனில் யாரையோ வெளுத்து வாங்கியது அப்படியே விழுந்திருந்தது. நல்லவேளை, வகுப்புக்கு அனுப்பும்போது அந்த வாலை நறுக்கிவிட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை பைலட்டின் மகளுடைய முறை. பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் பைலட். ஒன்றாம் வகுப்புப் பொடிசுகளிலிருந்து எல்லோருக்கும் அவர் என்றால் உயிர். ஸ்பீக்கரில் அவர் குரல் வந்ததும் வகுப்பு விசிலடித்தது.

"வண்டிய நானா ஓட்டறேன்? பசங்க போடற கூச்சல்ல அது தானா ஓடுது. நான் சும்மா ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

சிரிப்பு அடங்கவே நேரமானது. "நன்றிப்பா" என்று மகள் குரல் முடித்துவைக்க, கைதட்டல் எழுந்தது. டீச்சர் கேள்விகளை எழுதக் கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். ஸ்பீக்கர் நிற்கவில்லை. ஃபேன் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், கதவு சாத்தும் சத்தம். பிறகு பைலட்டின் குரல், ஆனால் சிரிப்பெல்லாம் வடிந்த வேறொரு குரல்.

"பாப்பா வெளிய போயிட்டாளா?"

"போயிட்டா. சொல்லுங்க, கண் டாக்டர் என்னதான் சொன்னாரு?" ஒரு பெண் கேட்டாள்.

"இடது கண்ணு..."

டீச்சர் பாய்ந்துபோய் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினாள். கையிலிருந்த சாக்பீஸ் எங்கேயோ போய் விழுந்தது.

"ஐயோ, போடுங்க டீச்சர்! டாக்டர்னு ஏதோ சொன்னாங்களே!"

"அடுத்தவங்க வீட்டுப் பேச்சுல உனக்கென்னடா வேலை? உங்க வீட்டுல பேசறத நாளைக்குப் போடட்டுமா?"

கேட்டவன் நோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான். டீச்சருக்கு உள்ளுக்குள் தன்மேலேயே எரிச்சல் பொங்கியது. வீட்டில் அடுப்புவேலைக்கு நடுவே முதல் சில நிமிடங்களைக் கேட்டுவிட்டு, பிரமாதம் என்று மூடிவைத்தவள் அவள்தானே! முழுசாகக் கேட்க என்ன கேடு? மூன்றாம் வரிசையில் பைலட்டின் மகள் தலை குனியவில்லை. டீச்சரையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மானத்தை வாங்கிவிட்டேனே, அந்தக் கோபம் போலிருக்கிறது என்று டீச்சர் நினைத்தாள்.

பிள்ளைகளுக்கு எழுதக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஹெட்போனில் கேட்டாள்.

"...இடது கண்ணு போனதுதானாம். வலதுலயும் ஓரமெல்லாம் மறைக்க ஆரம்பிச்சிடுச்சு. வெயில்னா சமாளிச்சிடறேன். மழை வந்தா எதிர்ல வர்றது வண்டியா மரமான்னே தெரியல."

"வேண்டாங்க. நாளைக்கே வேலைய விட்டுடுங்க."

"விட்டுட்டு என்ன பண்ண? பரீட்சை முடியற வரைக்கும் எப்படியாவது ஓட்டிடறேன். பாப்பா காதுல மட்டும் போட்டுடாத."

டீச்சர் ஹெட்போனைக் கழற்றினாள். ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்திருந்தது. நாலு மணிக்கே விளக்குப் போடுகிற அளவுக்கு இருட்டு. இன்னும் சற்று நேரத்தில் மணி அடிக்கும், அந்த மனிதர் ஒரு வண்டி நிறையப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். தலைமையாசிரியைக்குப் போன் போட்டாள். ஏதோ கூட்டமாம், போனை அணைத்துவைத்திருந்தார். மறுபடி போட்டாள். அதே கதை.

நீங்கள் விரும்பாத எதையும் வெளியே விடமாட்டோம் என்று பேட்டி கொடுக்கிற எல்லோருக்கும் அவள்தான் வாக்குக் கொடுத்திருந்தாள். வாயைத் திறந்தால் ஒரு குடும்பத்தின் சோற்றில் மண். திறக்காவிட்டால்? அதற்குமேல் அவளால் நினைக்க முடியவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

மணி அடித்தது. வகுப்பு மடை உடைந்த மாதிரி வெளியேறியது. பைலட்டின் மகள்தான் முதலில் ஓடினாள். டீச்சர் மாடிப்படிகளில் பிள்ளைகளை விலக்கிக்கொண்டு இறங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவள் வாசலுக்கு வந்தபோது பேருந்து நிறைந்து, கதவு சாத்தி, வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. மழையில் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால், பைலட்டுக்கு இடது பக்கமாக நின்று இரண்டு கைகளையும் ஆட்டினாள்.

"அண்ணே! நிறுத்துங்க!"

பைலட் நேராக அவள் இருந்த பக்கம்தான் முகத்தை வைத்திருந்தார். வண்டி நகர்ந்தது. அவளை நோக்கியே நகர்ந்தது. அவளுக்குக் கால் எழவில்லை. அடப்பாவி மனுஷா, பார்க்கிறாயே, என்னைப் பார்த்துக்கொண்டேதானே வருகிறாய்!

உள்ளேயிருந்து ஒரு வீறிடல். "அப்பா! டீச்சர்! பிரேக்!"

பேருந்து குலுங்கி நின்றது. முன்பக்க இரும்பின் சூடு டீச்சரின் நனைந்த புடவையில் பட்டது. பைலட் கதவைத் திறந்துகொண்டு குதித்தார். பின்னாலேயே மகள்.

"என்ன டீச்சர் இது! இப்படிக் குறுக்க வந்து நிக்கலாமா? உசுரே போயிடுச்சு!"

"நான் கையாட்டினது உங்களுக்குத் தெரிஞ்சுதாண்ணே?"

மழைத் தண்ணீர் முகத்தில் வழிவதை அவர் துடைக்கக்கூட இல்லை.

"சாவியக் கொடுத்துடுங்க. பக்கத்து ரூட் வண்டி ரெண்டு நடையா வரட்டும். மேல யார்கிட்ட பேசணுமோ நானும் உங்ககூட வந்து பேசறேன். உக்காந்து செய்யற வேலையா ஏதாவது கேட்டுப் பாக்கலாம். ஆனா இந்த வண்டிய இனிமே நீங்க எடுக்கக் கூடாது."

"யாரு சொன்னது உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. நானா..."

"நான்தாம்பா," என்றாள் மகள். "நீங்க அம்மாகிட்ட பேசினது ரெக்கார்டாயிடுச்சு. நான் அத வெட்டாமலே டீச்சருக்கு அனுப்பிட்டேன்."

பைலட் மகளைப் பார்க்க முகத்தை நன்றாகத் திருப்பினார். "அதனாலதான் இந்த வாரம் பூரா முன் சீட்டுல உக்காந்துக்கிட்டு, அப்பா சைக்கிளு, அப்பா மாடு, அப்பா பள்ளம்னு தொணதொணத்தியா?"

"ஆமாம்பா."

"நான் என்னமோ எம்பொண்ணுக்கு இப்பதான் அப்பாகூட பேசத் தோணுதுன்னு..." மீதியை விழுங்கிவிட்டார். சாவியை உருவிவந்து நீட்டினார். டீச்சர் இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் நீண்டது அந்தக் கை. அவள் எட்டி வாங்கிக்கொண்டாள். அவர் படியைத் தடவி ஏறி, "எல்லாரும் இறங்குங்கடா, வண்டிக்கு உடம்பு சரியில்ல" என்று பொடிசுகளைக் கைபிடித்து இறக்கிவிட ஆரம்பித்தார்.

டீச்சர் அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்தாள். "என்கிட்ட நேரா வந்து சொல்லியிருக்கலாமேம்மா. வகுப்புல எல்லார் முன்னாடியும் இப்படி ஆகியிருக்காதே."

"வாயால சொன்னா அப்பாவக் காட்டிக் கொடுத்த மாதிரி இருந்துச்சு டீச்சர். அதான் திங்கக்கிழமையே அனுப்பினேன். நீங்களும் அன்னிக்கே 'பிரமாதம், கேட்டேன்'னு பதில் போட்டிருந்தீங்க." அவள் தோளை மெல்ல விலக்கிக்கொண்டாள். "கேட்டுட்டும் சும்மா இருக்கீங்கன்னு நினைச்சேன்."