இரண்டு காமார்பாரா

அத்திம்பேருக்குப் பதக்கம் என்று சேதி வந்த காலையில் எங்கள் வீட்டில் பால் இல்லை. பாயசத்துக்கு அரிசியை வறுத்து வைத்துவிட்டு ஜகதாம்பாள் அக்கா வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தாள். பால்காரன் நிதாய் கொஞ்ச நாளாகவே வரவில்லை. பவானிபூரில் வேறு பால்காரனே இல்லையா என்று கேட்டேன். மற்றவர்கள் பாலில் தண்ணீர் விடுவதில்லை, தண்ணீரில்தான் பால் விடுகிறார்கள் என்றாள். அவளுக்கு அன்றைக்குச் சந்தோஷம். கல்கத்தாவுக்கு வந்ததிலிருந்து ஊருக்குக் கடிதம் எழுதும்படியாக எங்கள் வீட்டில் நடந்த முதல் காரியம் அது.

அத்திம்பேர் வைத்தீஸ்வரன் போலீஸ் தாணாவில் டெலிபோன் குமாஸ்தா. சுவரில் அறைந்த மரப்பெட்டிக்கு முன்னால் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார். மணி அடித்தால் குழலைக் காதில் வைத்துக் கேட்டு, என்ன, எங்கே என்று முற்றத்தைப் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். ஜமாதாரும் கான்ஸ்டபிள்களும் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். அவருடைய இங்கிலீஷுக்காகக் கொடுத்த வேலை அது. அழைப்பவர்களில் துரைமார்கள் போக மீதிப் பேருடைய வங்காளத்தைக் காதால் வாங்கி வாயால் விட்டுக்கொண்டிருந்தார். தாணாவில் அவர் பெயரைப் 'பொய்த்தீஷர் பாபு' என்று கொலை செய்தார்கள். பதிலுக்கு அவர் அவர்களுடைய தெருக்களையெல்லாம் கொலை செய்தார். இதை நான் பல பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

சைத்ர மாதத்து அனல் காற்றில் ஒரு மத்தியானம் மணி அடித்தது. யாரோ ஒரு பெரிய வீட்டு பாபு. காமார்பாராவில் தீ, உடனே வாருங்கள் என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். அத்திம்பேர் அப்படியே முற்றத்துக்குச் சொன்னார். ஜமாதார் சிவ்தனி சிங் ஆட்களோடு ஓடினான். போய்ப் பார்த்தால் காமார்பாராவில் தீயே இல்லை. அது கொல்லர்களின் தெரு. தீ இருந்ததெல்லாம் உலையில்தான். ஆனால் தெருக்கோடியில் ஒரு அடகுக்கடைக்காரர் வீட்டுக்குள், ஊர் அடங்கிய வேளை பார்த்து, கத்திகளோடு ஒரு கும்பல் புகுந்திருந்தது. பூட்ஸ் சத்தம் கேட்டு வெளியே பாய்ந்தவர்கள் போலீஸ் கையிலேயே வந்து விழுந்தார்கள். சிவ்தனி சிங் வலது தோளில் ஆழமாக வெட்டுப்பட்டும் கும்பலின் தலைவனை விடவில்லை. பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. கொள்ளை என்று சொன்னால் போலீஸ் நிதானமாக வரும், தீ என்றால் ஓடிவரும் என்று எவனோ கெட்டிக்காரன் மாற்றிச் சொல்லியிருக்கிறான் என்று தாணாவுக்கு அதிகாரியான தாரோகா பாபு முடிவு கட்டினார். அத்திம்பேரும் அதை நம்பினார். செய்தியைக் கணமும் தாமதிக்காமல் சேர்த்த குமாஸ்தாவுக்கும் ஒரு பதக்கம் என்று மேலிடத்து துரை எழுதிவிட்டார்.

பதக்கச் சேதி வந்த அன்று வெயில் ஏறியபின் நிதாய் வந்தான். பால் பாத்திரம் இல்லை. இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது. இனிமேல் பால் கொடுக்க முடியாது, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போக வந்திருந்தான். மாடுகள் போய்விட்டன என்றான். பிறகு, பெண்டாட்டியும் கைக்குழந்தையும் என்றான். கொட்டகையை ஒட்டிய குடிசைக்குள் இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்களாம். வாசல் பக்கம் பிடித்த தீ உள்ளே போவதற்கு நேரம் இருந்தது, ஆள் இருந்திருந்தால் பின்சுவரை இடித்திருக்கலாம் என்றான். சைத்ரத்தில் குடிசை எரிவது இந்த ஊரில் சேதியே இல்லை. அதனால் எங்களுக்குத் தெரியவில்லை. அவன் அழவில்லை. யார் வீட்டுக் கதையையோ சொல்வதுபோலத்தான் சொன்னான்.

"நான் ஓடிப்போய்ப் பெரிய வீட்டு பாபு காலில் விழுந்தேன். என் கண்ணெதிரே தாணாவுக்கு டெலிபோன்ல பேசினார். யாரும் வரல, பாபு."

அத்திம்பேர் எந்த இடம் என்று கேட்டார். காமார்பாரா என்றான். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். "காமார்பாரா, பாபு. கால்வாய்க்கரை" என்றான்.

தமிழில் எழுதும்போது இரண்டு தெருப் பெயரும் ஒன்றாகத்தான் விழுகின்றன. நான் என்ன செய்ய? நமக்கு ஒரே க. வங்காளிக்கு அந்த இடத்தில் நாலு. கொல்லன் தெருவுக்குச் சாதாரண க. பண்ணைத் தெருவுக்கு நெஞ்சிலிருந்து மூச்சைத் தள்ளிச் சொல்கிற இன்னொரு க. நிதாய் இருந்தது பண்ணைத் தெரு. மந்திரத்திலேயே இந்த வித்தியாசங்களையெல்லாம் ஒன்றாக அடித்துவிடுகிற எங்களுக்கு டெலிபோன் குழலில் அது எங்கே கேட்கப்போகிறது? அத்திம்பேர் கேட்டதைத்தான் சொன்னார். அவர் காதில் இருந்த தெருவுக்குத்தான் போலீஸ் போனது. அவர் முகம் வெளிறிப்போனதை நிதாய் தனக்கான இரக்கம் என்று எடுத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனான்.

அத்திம்பேர் எங்களிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அக்கா வறுத்த அரிசியை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். திரும்பி வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏன்னா, அவன்கிட்ட சொல்லிடுங்கோ. போலீஸ்காரா வர மாட்டேன்னுட்டான்னு அவன் நெனச்சுண்டே இருக்கப்டாது. வழி தப்பிப் போயிட்டான்னாவது தெரியட்டும்."

அவர் முதலில் தாணாவுக்குப் போனார். தாரோகா பாபு கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டாராம். நல்ல மனுஷர்தான். கடைசியில், "பொய்த்தீஷர் பாபு, போலீஸ் வழி தப்பித்தான் அங்கே போச்சுன்னு ஆனா, சிவ்தனி சிங்குக்குப் பதக்கம் ஏது? பதக்கம் இல்லேன்னா கை விளங்காத ஜமாதாருக்கு வேலை ஏது?" என்று கேட்டார். அத்திம்பேர் திரும்பப் போய் மரப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

விழாவுக்கு நானும் போனேன். தாணா முற்றத்தில் ஷாமியானா போட்டு, வாழைமரம் கட்டி, பாண்டு வாசித்தார்கள். துரை இங்கிலீஷில் படித்தார். இந்தக் குமாஸ்தா செய்தியைத் தெளிவாகவும் பிழையின்றியும் சேர்த்தார் என்று அதில் இருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. சிவ்தனி சிங்கின் வலது கை எழவில்லை. இடது கையால் சலாம் வைத்தான். துரை அதைப் பார்த்துத் தலையசைத்தார். இறங்கி வந்தவன் அத்திம்பேரைத் தழுவிக்கொண்டு, உன் குரல்தான் என் பிள்ளைகளுக்குச் சோறு என்று இந்துஸ்தானியில் சொல்லி அழுதான். அத்திம்பேர் கட்டை மாதிரி நின்றார்.

பதக்கத்தைக் கோட்டிலிருந்து கழற்றக்கூட இல்லை. அங்கிருந்து நேராகக் கால்வாய்க்கரைக்குப் போனார். நானும் கூடவே போனேன். கருகிய மூங்கில்களை நிதாய் ஒரு பக்கமாக அடுக்கிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் பதறி, உட்காரச் செங்கல்லைத் துடைத்துப் போட்டான். பதக்கத்தைப் பார்த்து, தெருவெல்லாம் அதே பேச்சுதான் என்றான். காமார்பாராவில் பாபு பல பேர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார் என்றான். அவன் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அத்திம்பேர் நின்றபடியே தன் வங்காளத்தில் ஆரம்பித்தார். டெலிபோனை எடுத்தது நான்தான். பெரிய வீட்டு பாபு சொன்னது காமார்பாரா. நான் சொன்னது காமார்பாரா. போலீஸ் காமார்பாராவுக்குப் போய்விட்டது. "தோஷ் ஆமார், நிதாய்." குற்றம் என்னுடையது.

நிதாய் பொறுமையாகக் கேட்டான். மூன்று தடவையும் அவன் காதில் கொல்லன் தெருதான் விழுந்தது என்பது எனக்கு அவன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"அங்கே கத்திக்குத்து நடக்கும்போது இங்கேயும் எப்படி வருவீங்க, பாபு? போலீஸ் எத்தனை இடத்துக்குத்தான் போகும்? அதுல உங்க குத்தம் என்ன இருக்கு?"

இல்லை, அது இல்லை என்று அத்திம்பேர் தலையை ஆட்டினார். நெஞ்சில் கையை வைத்து அழுத்திக்கொண்டு அந்தச் சொல்லை மறுபடி சொன்னார். மூச்சை எங்கே தள்ள வேண்டுமென்று அவருக்குத் தெரியவில்லை. இருமல் மாதிரி ஏதோ வந்து, அதற்குப் பின்னால் அதே காமார்பாரா வந்தது. நானும் குறுக்கே புகுந்து சொன்னேன். என் நாக்கும் அதே நாக்குதானே? நிதாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஆமாம் பாபு, காமார்பாரா, தெரியும், தெரியும் என்றான். அத்திம்பேருக்குக் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. வாய் மட்டும் நிற்காமல் திறந்து திறந்து மூடியது.

"காந்த்பேன் நா, பாபு," அழாதீர்கள் என்று நிதாய் சொன்னான். மூங்கிலைக் கீழே போட்டுவிட்டு அருகில் வந்து, துணி சுற்றிய கையால் அவர் முதுகை மெல்லத் தடவிக்கொடுக்க ஆரம்பித்தான்.