ஆற்றுக்கு எட்டாத படிகள்

கிழக்கு வெளுக்குமுன்பே கெங்கம்மா எண்ணூர் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் குந்தியிருந்தாள். இறால் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்தபடி இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவினால்தான் இறால் அகப்படும். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சேறு. நகக்கண்ணெல்லாம் எரியும். பக்கத்தில் இன்னும் பத்துப் பெண்கள் அப்படியே நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

கரையில் நதிக்கரைப் பூங்கா எழும்பிக்கொண்டிருந்தது. மக்களைத் தண்ணீரோடு இணைக்கும் திட்டமாம், பலகையில் எழுதியிருந்தது. அடப் பாவிகளா, இணைக்கிறவர்கள் மார்பளவு வேலியா போடுவார்கள்? இறங்க ஒரு படிக்கட்டு உண்டுதான். கடல் ஏற்றத்தில் தண்ணீர் ஏறி நின்ற நேரத்தில் அளந்து கட்டிய படிக்கட்டு. வற்றினால் கடைசிப் படிக்குக் கீழே இடுப்பு உயரப் பள்ளம். இறால் பிடிப்பதோ வற்றும்போது மட்டும்தான்.

வேலியில் ஒரே ஓர் இடைவெளி மிச்சமிருந்தது. பெண்கள் அதன் வழியாகத்தான் ஆற்றில் இறங்கினார்கள். காலையிலேயே காண்டிராக்டர் லூயிஸ் அங்கே வந்து நின்றார்.

"தமீமு, இத்த அடைச்சுட்டுதான் டீ. நாளைக்கி ஆபீசருங்க வராங்க."

வெல்டிங் கருவியை எடுத்த தமீம் தயங்கினான். அதற்குள் கெங்கம்மா சேறு சொட்டச் சொட்ட மேலே ஏறி வந்து, அந்த இடைவெளியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதுவும் பூட்டா நாங்க எப்டி சார் எறங்கறது?"

"அதான் படி கீதே. குந்திகினு ஆத்தப் பாரு, காத்து வாங்கு."

"நான் ஆத்தப் பாக்க வரல சார், வேலைக்கு வரேன். அந்தப் படில நீயே எறங்கிக் காட்டு."

லூயிஸ் விறுவிறுவென்று இறங்கினார். கடைசிப் படியில் நின்று கீழே பார்த்தார். ஷூவைப் பார்த்தார். திரும்பி ஏறி வந்தவருக்கு முகம் சிவந்திருந்தது.

"டிராயிங்ல கீறதத்தான் செய்ய முடியும். தமீமு, நீ அடிக்கிறியா, வேற ஆள இட்டாரட்டா?"

தமீமுக்கு இரண்டு மாதம் சும்மா கிடந்து கிடைத்த வேலை. ஆனாலும் மிஷினை அணைத்தான்.

"வேற ஆளுன்னா யாரு சார்? எல்லாம் எங்க கொருக்குப்பேட்ட பசங்கதான். நானே போன் பண்ணி வராதீங்கன்னு சொல்லிடறேன்."

கலவை போட்டுக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியைக் கீழே வைத்தார்கள். ஆற்றில் இருந்த பத்துப் பேரும் ஏறி வந்தார்கள்.

"கீழ இன்னும் நாலு படி. வேலில வழி. அத்த டிராயிங்ல போட்டு எத்துகினு வா சார். அப்பறம் வேல நடக்கும்," என்றாள் கெங்கம்மா.

லூயிஸ் போனைக் காதில் வைத்துக்கொண்டு தள்ளிப் போனார். யாருக்குப் போன் போடுகிறாரோ, போலீசுக்கோ ஆபீசுக்கோ தெரியவில்லை. தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. அன்றைய இறால் போனது போனதுதான். கெங்கம்மா நகர்ந்து இடம் விட்டாள். தமீம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.