கட்டைவிரல்

அந்தக் கடற்கரைக் கிராமத்துக்கு அவர்களைத் தள்ளிவிட்டது அவளுடைய அம்மாதான். "இனிமே அவர்கூட என்னால முடியாதும்மா, வீட்டுக்கே வந்துடறேன்" என்று அவள் சொன்னபோது அம்மா பதறிவிட்டாள். "ஒரு வாரம் எங்கயாவது போய் நிம்மதியா இருந்துட்டு வாங்க. அப்பவும் முடியலன்னா வந்துடு. ஏன்னுகூட கேக்க மாட்டேன்." அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் பெட்டி கட்டினாள்.

கணவன் கெட்டவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. குடி கிடையாது, கை நீட்டுகிற பழக்கம் கிடையாது. அடுத்தவர் பேசினால் காதில் விழாது, அவ்வளவுதான். இதையெல்லாம் ஒரு குறை என்று யாரிடம் போய்ச் சொல்வது? இங்கே வந்த முதல் நாள் கழிமுகத்தில் படகுக்குத் துடுப்புப் போட்டபோதும், "இடது பக்கம் பாறை" என்று அவள் கத்தக் கத்த, இடது பக்கமே போய் முட்டினான். முட்டிவிட்டு அவளைத் திட்டினான்.

பவளப்பாறை பார்க்கக் கடலுக்குள் இறங்கும் நாள் வந்தது. படகில் டைவிங் மாஸ்டர் பாடம் நடத்தினார்.

"தண்ணிக்குள்ள கைதான் பேசும். எல்லாம் சரின்னா இப்படி" என்று இரண்டு விரலை வட்டமாகச் சேர்த்துக் காட்டினார். பிறகு கட்டைவிரலை உயர்த்தினார். "இது சூப்பர்னு அர்த்தம் இல்ல. என்னை மேல கூட்டிட்டுப் போங்கன்னு அர்த்தம். எல்லாரும் இதுலதான் சொதப்புவாங்க. சார், கவனிச்சீங்களா?"

"தெரியும், தெரியும்" என்றான் கணவன், தண்ணீர் புகாத கேமராவைத் திருகிக்கொண்டே.

கீழே நிஜமாகவே அழகாக இருந்தது. கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் மறந்து மீன்களைப் பார்த்தாள். அப்புறம் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தது. மூக்கில் ஏறியது, நெஞ்சை அடைத்தது. மாஸ்டர் கணவனுக்குப் பின்னால், தளர்ந்துபோன அவனுடைய பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். எதிரே இருந்தவன் கணவன் மட்டும்தான். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அவனும் தூக்கிக் காட்டினான். இரண்டு கட்டைவிரலையும் தூக்கி ஆட்டினாள். அவன் படம் எடுத்தான். தலையைச் சாய்த்து இன்னொன்றும் எடுத்தான்.

நல்லவேளை, மாஸ்டர் எட்டிப் பார்த்து அவளை மேலே இழுத்துக்கொண்டு போனார்; பிழைத்தாள்.

படகில் இருமி இருமி அவளுக்குக் குடல் வெளியே வந்துவிடும் போலிருந்தது. "மேல வரணும்னுதானே சார் அவங்க கேட்டாங்க?" என்று மாஸ்டர் சீறினார்.

"நல்லாத்தானே இருந்தா? சிரிச்சிட்டு இருந்தா" என்றான் கணவன். வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு எப்படிச் சிரிப்பது என்று அவனைத்தான் கேட்க வேண்டும்.

விடுதி அறைக்கு வந்து ஈரத்தைக்கூடத் துடைக்காமல் அவள் போனை எடுத்தாள். இனி யோசிக்க ஒன்றும் இல்லை. அதற்குள் அம்மாவே கூப்பிட்டாள்.

"மாப்பிள்ளை குடும்ப குரூப்புல போட்டோ போட்டிருக்காரு. ரெண்டு கையிலயும் சூப்பர் காட்டிட்டு நிக்கற. இப்பதான்டி வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கு."

"அம்மா, அது சூப்பர் இல்ல. எனக்கு மூச்சு முட்டுச்சு. மேல கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டேன்."

"என்னமோ, பாக்க லட்சணமா இருந்துச்சு. உங்க அண்ணிகூட அதைத்தான் சொன்னா."

"நான் சொல்றத கேளும்மா. நான் அங்க வந்துடறேன்."

"தாராளமா வா. உன் ரூமைத்தான் அண்ணன் பசங்க படிக்கறதுக்கு ஒழிச்சு விட்டுட்டோம், கட்டிலையும் எடுத்தாச்சு. ஹால்ல படுத்துக்கலாம், ஒரு ராத்திரிதானே. ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்க."