வாசலக்காவின் தங்கை

அம்மா எனக்கென்று பெற்றுத் தந்தது ஒரே ஒரு அக்கா. அவளையும் ஊர் பிடுங்கிக்கொண்டது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் பல் போன கிழவரும் அவளை "வாசலக்கா" என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. அவள் செத்த பிறகும் எரிகிறது, என்ன செய்ய?

நாங்கள் இருவரும் அந்தப் பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தோம். எங்கள் இனத்தார் முன்வாசலில் கால் வைக்கக் கூடாது என்பது அந்நாளைய சட்டம். குப்பைத் தொட்டிகளைத் தாண்டிப் பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். ஒருநாள் அக்கா முன்வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். அடித்தார்கள், இழுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்தார்கள். வெளியே வந்ததும் மறுபடி உட்கார்ந்தாள். பிறகு ஊரே அவளோடு உட்கார்ந்தது, சட்டம் மாறியது. அவள் சிறையில் கிடந்தபோது அவள் பங்கு விரிப்புகளையும் சேர்த்து நான்தான் இஸ்திரி போட்டேன். அதை யாராவது பேசினார்களா? மூச்!

கதவு திறந்த அன்று, அத்தனை கூட்டத்துக்கும் முன்னால் அவள் என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். "வாடி, முதல்ல நீ போ."

"உன் வாசல், நீயே போ," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்குப் பின்வாசல்தான். வீம்பு என்றால் வீம்புதான்.

போன வருடம் அவள் போய்ச் சேர்ந்தாள். ஹோட்டலுக்கு எதிரே சிலை வைக்க முடிவானது. சரியான புகைப்படம் இல்லாததால் சிற்பி என்னை நிற்கவைத்தார். "அன்னைக்குக் கையை நீட்டினாங்களாமே, அப்படி நீட்டுங்கம்மா." நீட்டித் தொலைத்தேன். மனுஷர் என் மணிக்கட்டில் இருந்த இஸ்திரிப்பெட்டித் தழும்பையும் விடாமல் செதுக்கிவிட்டார். வருகிறவர்கள் அதைத் தடவி, "போலீஸ் அடிச்ச அடி, பாவம்," என்று கண் கலங்குகிறார்கள். முகம் என்னுடையது, சூடு பட்டது நான், பேர் மட்டும் அவளுக்கு!

நேற்று புது மேலாளர் சலவைக்கூடத்துக்கு வந்தார். இனிமேல் நாங்கள் பின்வாசலில் வந்து போனால் நல்லதாம்.

"கட்டாயம் இல்ல, ஒரு ஒழுங்குக்காகத்தான். வாசலக்காவோட சொந்தத் தங்கச்சியே பின்பக்கமாத்தானே வர்றாங்க? அவங்களுக்கே வேண்டாத வாசல் உங்களுக்கு எதுக்கு?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். துணி மடிக்கிறவள், அக்காவோடு படியில் உட்கார்ந்து அடி வாங்கியவள், "வாயைத் திறந்து ஏதாவது சொல்லேன்," என்றாள். நான் குனிந்து கையில் இருந்த விரிப்பையே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு தடவையாவது தோற்க வேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டிருப்பேன்! இதோ தோற்கப் போகிறாள், அதுவும் என்னால். சந்தோஷம் மட்டும் வரவே இல்லை.

இன்று காலை எல்லோரும் சிலையடியில் தயங்கி நின்றிருந்தார்கள். நான் நேரே முன்வாசல் படியேறினேன். காவலாளி குறுக்கே வந்தான்.

"நீங்க எப்பவும் அந்தப் பக்கந்தானேம்மா?"

"இன்னைக்கு இந்தப் பக்கம். தள்ளுப்பா."

தள்ளி நின்றான். மடிக்கிறவள் என் பின்னாலேயே ஏறினாள், அவள் பின்னால் மற்றவர்கள்.

"அப்படியே வாசலக்காதான்!" என்று யாரோ கத்தினார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அவ இல்ல, நான்!" என்று திரும்பிக் கத்தினேன்.

திரும்பியதும் சிலை கண்ணில் பட்டது, நீட்டிய கையோடு. ஊரையே கூப்பிடுகிற கை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? அன்று அவள் கூப்பிட்டது என்னைத்தான்.