ஹைமி எண்ணிய பத்துப் பேர்

வியாழக்கிழமை ஹைமி கட்னர் வந்து நின்றபோது ஜெல்டா சமையலறையில் மீன் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். ஊரில் இருக்கும் ஒரே யூத ஜெப ஆலயத்துக்கு அவர்தான் தலைவர், எழுபத்தாறு வயது. எதையும் பட்டென்று போட்டு உடைக்கிற மனிதர், அன்று பத்து நிமிஷம் மழையைப் பற்றியே பேசினார்.

"சனிக்கிழமை டெரன்ஸ் வர்றார்ல, விருந்துக்கு. அதான்... உன் தம்பிய அன்னிக்கு மட்டும் வர வேணாம்னு சொல்லேன்."

"அன்னிக்கு எங்கம்மா திவசம் அண்ணே."

"தெரியும்மா. வந்த விருந்தாளியோட அவன் மல்லுக்கு நின்னா நம்ம மானம் கப்பலேறிடும்."

டெரன்ஸ் ஹால்ராய்ட் வானொலிக்காரர். யூதர் இல்லை. இஸ்ரேலை யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மைக் முன்னால் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். போன நவம்பரில் ஆலயச் சுவரில் எவனோ சிவப்புச் சாயத்தால் யூதர்களைத் திட்டிக் கண்டதையும் எழுதிவைத்தபோது, ஊரே வாயை மூடிக்கொண்டிருக்க, அவர் மட்டும் இரண்டு மணி நேரம் பொரிந்து தள்ளினார். மறுநாள் காலை முன்பின் தெரியாதவர்களெல்லாம் வாளியும் பிரஷுமாக வாசலில் நின்றார்கள். அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தவள் ஜெல்டாதான். அந்த நன்றி அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

தம்பி நேத்தன் நேர் எதிர். இஸ்ரேல் அரசு செய்வது அநியாயம் என்று லண்டன் பத்திரிகையில் வாராவாரம் எழுதுகிறவன். வீட்டுச் சண்டையை வீதிக்குக் கொண்டுபோகிறான் என்று இங்கே பாதிப் பேர் அவனோடு பேசுவதே இல்லை. டெரன்ஸ் அவன் பேரைச் சொல்லியே வானொலியில் கிழித்திருக்கிறார். ஆனாலும் அம்மா திவசத்துக்கு வந்து, எழுந்து நின்று, இறந்தவர்களுக்கான கத்தீஷ் ஜெபத்தைச் சொல்லிவிட்டுப் போவான். அதைத் தனியாகச் சொல்ல முடியாது. பத்து யூத ஆண்கள் கூடியிருக்க வேண்டும். அம்மா போய்ப் பதினொரு வருஷம், ஒரு வருஷமும் தவறியதில்லை.

ஜெல்டா சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. வெள்ளிக்கிழமை வந்து இறங்கியவனிடம் விஷயத்தைச் சொன்னாள். "சரிக்கா, விடு," என்றான். அவன் கத்தியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை டெரன்ஸ் மரியாதையாகத்தான் வந்தார். யூதர்கள் வண்டி ஓட்டாத ஓய்வுநாள் என்று காரை இரண்டு தெரு தள்ளியே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். ஆகஸ்ட் மாதம், பாதிப் பேர் விடுமுறையில். ஹைமி எண்ண ஆரம்பித்தார். மனிதர்களை எண்ணினால் கண்பட்டுவிடும் என்பதால், "ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல" என்றுதான் எண்ணுவார்கள். "ஒம்பது இல்ல" வரை விரல் ஒழுங்காகப் போயிற்று. அடுத்தது டெரன்ஸுக்கு நேரே வந்து அப்படியே நின்றுவிட்டது.

பெண்கள் பக்கத் திரையோரம் வந்து நின்ற ஹைமியின் முகம் வெளிறிக் கிடந்தது.

"ஜெல்டா, ஒரு ஆள் குறையுதும்மா. பத்துப் பேர் வருவாங்கன்னு வியாழக்கிழமையே பட்டியல் போட்டேன். பத்தாவதா டெரன்ஸ் பேர எழுதியிருக்கேன்."

ஒன்பது மாதமாக 'நம்மாளு, நம்மாளு' என்று சொல்லிச் சொல்லி, அவர் யூதர் இல்லை என்பதே மனுஷனுக்கு மறந்துபோயிருக்கிறது. ஜெல்டாவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"என் வீட்டுல ஒரு ஆள் சும்மாதான் உக்காந்திருக்கான். ஓய்வுநாள்ல போன எடுக்க முடியாது. நீங்களே நடந்து போய்க் கூப்பிடுங்க."

அதற்குள் டெரன்ஸும் வந்துவிட்டார். ஹைமி தயங்கித் தயங்கிச் சொல்ல, அவர் முகம் வாடியது.

"அப்ப நான் கணக்குல இல்லையா?"

"இருபது வருஷமா இந்த இடத்தக் கட்டி மேய்க்கிறேன். நானும்தான் கணக்குல இல்ல," என்றாள் ஜெல்டா.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "சரி, கூப்பிடப் போற ஆள் யாரு?"

"நீங்க ரேடியோவுல கிழிச்சீங்களே, நேத்தன். என் தம்பி. இன்னிக்கு எங்கம்மா திவசம். உங்களுக்காகத்தான் அவன வரக்கூடாதுன்னுட்டாங்க."

சிரிப்பு நின்றது. டெரன்ஸ் ஹைமி பக்கம் திரும்பினார்.

"பெத்தவளுக்கு ஒருத்தன் ஜெபம் பண்றத நான் குறுக்க நின்னு தடுப்பேன்னா நெனச்சீங்க? வாங்க, நானும் வர்றேன்."

போய் முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஜெல்டா வாசலிலேயே நின்றாள். மழை தூறியது. கடைசியில் தெருமுனையில் மூன்று பேர் தெரிந்தார்கள். நேத்தனும் டெரன்ஸும் தெருவே கேட்கிற மாதிரி வாக்குவாதம் செய்துகொண்டு வர, நடுவில் ஹைமி இரண்டு பேர் தோளையும் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வந்தார்.

"அக்கா, இந்தாளு பேசறதுல பாதி அபத்தம்," என்றான் நேத்தன்.

"உங்க தம்பி எழுதறதுல முக்கால்வாசி," என்றார் டெரன்ஸ்.

"ஆனா நவம்பர்ல பேசினதுக்கு நன்றி சொல்லிட்டேன். அப்பவே போன் பண்ணிச் சொல்லியிருக்கணும். ரோஷம், பண்ணல," என்றான் நேத்தன்.

உள்ளே நேத்தன் கத்தீஷ் சொல்ல எழுந்தான். இரண்டாவது வரியில் குரல் உடைந்துவிட்டது. ஹைமி எழுந்து, வலிக்கிற முழங்காலோடு அவன் பக்கத்தில் போய் நின்று, அடுத்த சொல்லை மெல்ல எடுத்துக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு அவன் மேலே போனான். டெரன்ஸ் பக்கத்தில் இருந்தவரின் வாயைப் பார்த்துப் பார்த்து, அரை நொடி பிந்தி, எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார்.

திரைக்குப் பின்னால் ஜெல்டா அழுதாள். அம்மாவுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது. மூன்று பேருக்கும் அவள் மனசார நன்றி சொன்னாள், ஹைமிக்கும் சேர்த்து.

விருந்தில் மீன் உருண்டைத் தட்டோடு ஹைமி நேத்தனிடம் வந்தார்.

"அடுத்த வருஷமும் வந்துடு."

"எழுதறத நிறுத்த மாட்டேன் அண்ணே."

"எழுது. நானும் திட்டறத நிறுத்தப் போறதில்ல. எழுதிட்டு வா," என்று சொல்லிவிட்டு, அவன் தட்டில் இன்னும் இரண்டு உருண்டை வைத்தார்.