புறவாசலில் செவ்வாய்

2003ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் செவ்வாய்க் கிரகம் பூமிக்கு வெகு பக்கத்தில் வரப்போகிறது என்று பேப்பரில் போட்டிருந்தான். சிவகாசியில் அப்போது தீபாவளி சீசன். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற கம்பெனியில் நான் மிஷின்மேன். என் மனைவி பொன்மணி பக்கத்துத் தெருவில் காலண்டர் கம்பெனியில் ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சுவிட நேரமில்லாத அந்த மாதத்தில்தான் அவள் அந்தச் செய்தியைக் கத்தரித்து என் சட்டைப்பையில் வைத்தாள்.

"ஒரு டெலஸ்கோப் வாங்குவமா? இவனை ஒருக்கா நேர்ல பாக்கணும்."

அவளுக்கு அவனோடு பழைய கணக்கு உண்டு. அவள் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம். அப்படிப்பட்ட பெண்ணைத் தோஷமுள்ளவன்தான் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் புருஷன் உயிருக்கு ஆகாது என்பார்கள். ஒன்பது மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், கேசரியையும் காராச்சேவையும் காலி செய்தார்கள், ஜாதகத்தைப் பார்த்ததும் எழுந்து போனார்கள். பத்தாவதாகப் போனவன் நான். எனக்கும் தோஷம், ஜாடிக்கேற்ற மூடி என்று ஜோசியர் சொல்ல, 1983இல் கல்யாணம் முடிந்தது.

எனக்குத் தோஷமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அப்போது நாங்கள் இருவரும் ஒரே கம்பெனி. ப்ரூஃபில் தப்பைப் பிடித்துவிட்டால் பொன்மணி ஒரு பக்கமாகச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் விழுந்தவன் நான். என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அப்பாவும் போய்விட்டார். டிரங்குப் பெட்டியில் கிடந்த ஜாதக நோட்டை எடுத்து, ஆறாம் கட்டத்தில் இருந்த செவ்வாயைப் பிளேடால் சுரண்டிவிட்டு, தோஷம் தருகிற எட்டாம் கட்டத்தில் நானே எழுதிவிட்டேன்.

அதை இருபது வருஷமாக அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை கட்டிங் மிஷினில் என் விரல் நுனி போனபோது நான்கூட அழவில்லை, அவள் ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாள். புருஷனுக்குத் தோஷமில்லை என்று தெரிந்தால், நான் சாகப்போகிறேன் என்று பயந்தே அவள் போய்ச் சேர்ந்துவிடுவாள். ஆனாலும் சொல்லாமல் இருப்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. செவ்வாயை அவள் பார்க்கிற அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

விருதுநகர் பஜாரில் ஜெய்லானி பாய் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பேப்பரில் செய்தி வந்ததும் சென்னையிலிருந்து இரண்டு டெலஸ்கோப் வரவழைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனோம்.

"வாங்க அண்ணாச்சி. மதினியும் வந்திருக்காகளா? உக்காருங்க, உக்காருங்க."

ஒன்று நீளமான சிவப்புக் குழல். அதன் அட்டைப்பெட்டியில் வளையத்தோடு சனி, நாலு கலரில். பெட்டியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். என்ன அச்சு! கலர் இம்மி விலகவில்லை, வார்னிஷ் பளபளவென்று இருந்தது. இன்னொன்று குட்டையான, தடித்த கறுப்புக் குழல். அடியில் கண்ணாடி வைத்தது. பெட்டி வெறும் பழுப்பு அட்டை, மேலே ஒரு நம்பர், அவ்வளவுதான்.

"சிவப்பையே குடுங்க பாய். அட்டையை இம்புட்டு அழகா அடிச்சவன் சரக்கை மோசமாவா செஞ்சிருப்பான்?" என்றேன்.

பொன்மணி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க என்ன கம்பெனியில வேலை பாக்குறீக? புஸ்ஸுன்னு போற புஸ்வாணத்துக்கு எத்தனை தடவை ரெக்கை வச்ச தேவதை அடிச்சுக் குடுத்திருக்கீக!"

ஜெய்லானி பாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். லேபிள் அடித்து ஊரையே வாங்க வைத்தவன், லேபிளைப் பார்த்தே மயங்கி நின்றேன்.

பாய் இரண்டையும் வாசலில் நிறுத்தி, தெருக்கோடியில் இருந்த மளிகைக்கடைப் போர்டுக்கு நேராகத் திருப்பி வைத்தார். முதலில் சிவப்பில் பார்த்தேன். போர்டு நேராகத்தான் தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஓரத்தில் சிவப்பும் மறு ஓரத்தில் நீலமும் பிதுங்கிக்கொண்டு நின்றன. இப்படிக் கலர் கலரோடு பொருந்தாமல் ரெஜிஸ்டர் விலகிய தாளை நான் மிஷினில் விட்டிருந்தால் முதலாளி கிழித்து மூஞ்சியில் எறிந்திருப்பார். கறுப்பில் பார்த்தேன். கலர் பிதுங்கவில்லை, கத்தியால் வெட்டிய மாதிரி எழுத்து. ஆனால் போர்டு மொத்தமும் தலைகீழாக இருந்தது.

"இது பழுது போல இருக்கே பாய்?"

"இல்லண்ணாச்சி, வானத்தைப் பாக்குறது அப்படித்தான் காட்டுமாம். அங்கன தலை ஏது, காலு ஏது?"

பொன்மணி என்னை நகர்த்திவிட்டுக் குனிந்தாள். கம்பெனியில் அச்சுக் கோப்பவர்களின் தட்டிலேயே எழுத்தைத் தலைகீழாகப் படித்துப் பழகியவள். வாய் முணுமுணுக்க, போர்டைக் கடைசி ஓரம் வரைக்கும் படித்தாள். அப்புறம் அந்த ஒரு பக்கச் சிரிப்பு வந்தது.

"பலசரக்குல ஒரு எழுத்தை விட்டுட்டான். இதையே எடுங்க."

பழுப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் சிவகாசி வரும்வரை அவள் ஜன்னல் வழியாக வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். நாற்பத்தைந்து வயதில் அவளை அப்படிப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, சொல்லப்போவதை நினைத்துப் பயமாகவும் இருந்தது.

ஆகஸ்ட் இருபத்தாறு, செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமைகளில் பொன்மணிக்கு விரதம். பகல் முழுக்கப் பட்டினி கிடந்து, ராத்திரி ஒரு வேளை உப்பில்லாத சோறு. தோஷத்துக்குச் சின்ன வயசிலிருந்தே இருக்கிறாள் போலும் என்று நானும் கேட்டுக்கொண்டதில்லை. எட்டரை மணிக்குப் புறவாசலில் துவைகல்லுக்குப் பக்கத்தில் டெலஸ்கோப்பை நிறுத்தினோம். கிழக்கே பக்கத்து வீட்டு மாடிக்கு மேல் அவன் சிவப்பாக ஏறி நின்றான். குழலைத் திருப்பிக் குறி வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

அவள் கண்ணை வைத்தாள்.

"என்ன தெரியுது?"

"கோலிக்குண்டு கணக்கா இருக்கான். மேல் ஓரத்துல வெள்ளையா, உப்புக்கல்லு ஒட்டினாப்புல." கண்ணை எடுக்காமலே சொன்னாள். "இந்தச் சுண்டக்காய்ப் பயலுக்கா எங்க அப்பா அம்புட்டு அழுதாக!"

இதுதான் சமயம் என்று தொண்டையைச் செருமினேன். "பொன்மணி, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கப்படாது. என் ஜாதகத்துல..."

"எட்டாம் கட்டத்துல இருக்குறது நீங்க எழுதுனது. தெரியும்."

அப்படியே துவைகல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"எப்பத் தெரியும்?"

"கல்யாணம் முடிஞ்ச மூணாம் நாளு. டிரங்குப் பெட்டியை ஒதுங்க வச்சேன். நோட்டை விளக்குல காட்டினா ஆறாம் கட்டத்துல காகிதம் மெலிஞ்சு வெளிச்சம் வருது. எட்டுல இருந்தது நம்ம கம்பெனி மசி. ப்ரூஃப் பாக்குறவளுக்கு இதுகூடவா தெரியாது?"

"பிறகு ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீங்களும் பயப்படுவீக. வீட்டுல ஒரு ஆளு பயந்தாப் பத்தாதா?" என்றாள். குழலை ஒரு இம்மி நகர்த்தியபடி, "அந்த வாரமே விரதத்தை ஆரம்பிச்சிட்டேன்" என்றாள்.

இருபது வருஷத்துச் செவ்வாய்க்கிழமைகளையும் நான் அங்கேயே உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். சீசனில் பன்னிரண்டு மணி நேரம் ப்ரூஃப் பார்த்துவிட்டு வந்து, அடுப்படியில் அந்த உப்பில்லாத சோற்றைத் தின்றிருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வறுத்த மீனைக் கடித்துக்கொண்டு உலகக்கதை பேசியிருக்கிறேன். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் வாயை மூடிக்கொண்டிருக்க, என் உயிருக்காக அவள் வாயைக் கட்டியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீங்களும் பாருங்க, நகர்ந்துறப் போறான்" என்று என்னைக் கையைப் பிடித்து எழுப்பினாள்.

பார்த்தேன். கண்ணீரில் எனக்கு எல்லாம் கலங்கலாகத்தான் தெரிந்தது. நன்றாகத் தெரிகிறது என்று சொன்னேன்.

உள்ளே போனதும் அவளுடைய சோற்றை நானே போட்டேன். ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் இருந்த உப்பை எடுத்து அவள் தட்டின் ஓரத்தில் வைத்தேன். பொன்மணி உப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திறந்திருந்த புறவாசல் வழியாக அவன் இருந்த திசையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

பிறகு உப்பை விரலால் இழுத்துச் சோற்றில் போட்டுப் பிசைந்தாள்.