பொட்டு வைத்த கிரைண்டர்

அன்று கணபதி பகுதியில் இருந்த குடோனில் கூடியிருந்தவர்கள்: கிரைண்டர் கம்பெனி முதலாளி சுந்தரராஜுலு, குங்குமக் கிண்ணத்தோடு அவர் மனைவி பங்காரம்மா, லேப்டாப்போடு மருமகள் பிந்து, போனோடு பிந்துவின் சித்தி மகனான நான், சாமந்தி மாலையோடு இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் ஒன்று. இதில் பேசாமல் இருந்தது கிரைண்டர் மட்டும்தான்.

மணி ஐந்து. ஆறு மணிக்குள் ஒழுங்கான படங்களை ஏற்றாவிட்டால் பிந்து நடத்தும் விற்பனைப் பக்கத்தை நீக்கிவிடுவோம் என்று ஆன்லைன் கடைக்காரர்கள் கடைசி மெயில் அனுப்பியிருந்தார்கள். பக்கம் போனால் அவளுடைய எட்டு மாத உழைப்பும் போகும். குடோனைப் பிரியாணிக்காரருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு மருமகளைச் சமையலறைக்குத் திருப்பியனுப்ப மாமனார் நாள்கூடப் பார்த்து வைத்திருந்தார். ஆன்லைன் வியாபாரம் நமக்கு ராசியில்லை என்பது அவர் கண்டுபிடிப்பு.

ராசியில்லாமல் போனது எப்படி என்று பழைய படத்தைப் பார்த்தாலே தெரியும். ஆயுத பூஜையன்று அவரே எடுத்தது. கிரைண்டரில் மூன்று சந்தனக் கோடு, நடுவில் குங்குமம், மேலே எலுமிச்சை, இரு பக்கமும் வாழைக்கன்று, பின்னால் பட்டுச்சேலையில் கைகூப்பிய பங்காரம்மா. விற்பனைக்கு இருப்பது எது என்று கண்டுபிடிப்பவருக்குப் பரிசே கொடுக்கலாம். தரையில் படுத்து எடுத்ததால் கிரைண்டர் கல்யாண மண்டபத்துக்கே மாவாட்டும் அளவில் தெரிந்தது.

நாக்பூர்க்காரர் பெட்டியில் வாழைக்கன்று இல்லை என்று புகார் எழுதினார். ஓர் ஓட்டல்காரர், இது பொம்மையா என்று கேட்டார். லக்னோ அம்மாள், சிவப்புக் கறை படிந்த பழைய சாமானை அனுப்பிவிட்டார்கள் என்று எழுதினாள். படத்தில் இருப்பது போலவே போய்ச்சேர வேண்டும் என்று, பார்சல் கட்டும் ஒவ்வொரு கிரைண்டருக்கும் மாமனார் பொட்டு வைத்து அனுப்பியதன் பலன் அது. நேர்மையில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

வெளிநாட்டுக் கடை ஒன்றுக்காக மூன்று வருடம் இரவு ஷிப்டில் உட்கார்ந்து இப்படிப்பட்ட புகார்களுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, வேலையை விட்டவன் நான். சாமான் மோசம் என்று சொன்னவர்கள் குறைவு. படத்தில் பார்த்தது ஒன்று, பெட்டியில் வந்தது ஒன்று என்பவர்கள்தான் அதிகம். தொட்டுப் பார்க்க வழியில்லாதவன் படத்தை நம்பித்தான் வாங்குகிறான். இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு தேவையில்லை. ஆனால் மாமனார் படித்தவர்.

மேற்கு ஜன்னலோரம் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, அதன் முன்னால் கிரைண்டரை வைத்தோம். பிந்து மாலையைக் கழற்றினாள். பொட்டை ஈரத்துணியால் துடைத்தாள்.

"ஏனம்மணி, பொட்டில்லாம எப்படி நாலு பேருக்குக் காட்டறது? மூளியா இருக்குதல்லோ."

"பெட்டியில போறது மட்டுந்தான் படத்துல இருக்கோணுங்க மாமா."

"அது லட்சுமிம்மா."

"லட்சுமி பதினோரு தடவ திரும்பி வந்துபோட்டாளுங்க."

பங்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏனுங்க, புள்ள சொல்றதக் கேளுங்க," என்றாள். பழக்க தோஷம், கிண்ணத்தை அவர் பக்கமே நீட்டினாள்.

முதல் படம் எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் டிரம்மின் விளிம்பில் புதிதாக ஒரு பொட்டு. நான் வேட்டியின் சுருக்கத்தை நீவிய நேரத்தில் வைத்திருக்கிறார்.

"சின்னதாத்தான் வெச்சேன் கண்ணு. ஆருக்குத் தெரியப்போகுது?"

துடைத்துவிட்டு இரண்டாவது படம் எடுத்தேன். பொட்டு இல்லை. பளபளக்கும் ஸ்டீல் டிரம்மில் மாமனாரே தெரிந்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டு. தள்ளி நிற்கச் சொன்னோம். மூன்றாவது படத்தில் அவர் இல்லை. கல்லின் மேல் ஒற்றைச் சாமந்தி இருந்தது.

மணி ஐந்து நாற்பது. ஜன்னல் வெளிச்சம் வேட்டியில் பாதியாகச் சுருங்கிவிட்டது. இன்னும் பத்து நிமிடம் தாங்கும். பிந்து சாமந்தியை எடுத்துத் தூர வைத்தாள்.

அவள் வெகு மரியாதையாகச் சொன்னாள். "மாமா, வெளிய ஆரோ வந்து நிக்கறாப்பல இருக்குதுங்க."

"ஆரு?"

"ஒரம்பரையாட்டத் தெரியுதுங்க. வெள்ளகோவில்காரங்களாட்ட இருக்குது."

வந்த விருந்தாளியை வாசலில் நிற்கவைப்பது இந்தப் பக்கத்தில் கொலைக்குற்றத்துக்குச் சமம். லட்சுமியை அப்படியே விட்டுவிட்டு, மாமனார் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு விரைந்தார்.

"வாங்க, வாங்க. ஏனுங்க வெளியவே நின்னுட்டீங்க," என்று, ஒருவரும் இல்லாத தெருவை அவர் வரவேற்பது உள்ளே கேட்டது.

பங்காரம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவசரப்படாமல் எழுந்து போனாள். கதவைச் சாத்தி, உள்பக்கம் சாவியைத் திருப்பிப் பூட்டினாள்.